டாங்கியை விட்டு இறங்க மறுத்த இரண்டாம் லெப்டினன்ட்

கேள்வி இது: "1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இறந்த அருண் கேத்ரபாலைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். எரிகிற டாங்கியை விட்டு வெளியேறும்படி மேலதிகாரி சொன்னதை அவர் கேட்கவில்லை என்கிறார்கள். கட்டளையை மீறியவருக்கு நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ராவை எப்படிக் கொடுத்தார்கள்?"

பிறப்பு, படிப்பு, குடும்பம் எல்லாம் பிறகு வரட்டும். கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியமானது. அதற்குச் சரியான பதில், அந்த டாங்கி நின்றிருந்த இடத்தைப் புரிந்துகொண்டால்தான் கிடைக்கும். நம்மில் பலருக்கு அருணின் கடைசி வானொலிச் செய்தி மட்டுமே தெரியும். அவர் எங்கே நின்றுகொண்டு அதைச் சொன்னார் என்பது தெரியாது. இடத்தை மறந்துவிட்டால் அது வெறும் வீறாப்புப் பேச்சாகத்தான் தெரியும்.

இடம் ஷகர்கர். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இருந்து இந்தியாவுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நிலப்பகுதி. பதான்கோட்டில் இருந்து ஜம்முவுக்குப் போகும் நெடுஞ்சாலை இந்தத் துருத்தலை ஒட்டியே ஓடுகிறது. அன்றைக்குக் காஷ்மீருக்குப் படையும் உணவும் எண்ணெயும் போக வேண்டிய முதன்மையான வழி அதுதான். அங்கிருந்து ஒரு கவசப்படை வடக்கே பாய்ந்தால் சாலை துண்டாகிவிடும். எனவே 1971 டிசம்பர் 3 அன்று போர் மூண்டதும், அடுத்த சில நாட்களில் இந்தியாவே முந்திக்கொண்டு ஷகர்கருக்குள் நுழைந்தது. மேஜர் ஜெனரல் டபிள்யூ. ஏ. ஜி. பின்டோ தலைமையிலான 54ஆம் காலாட்படை டிவிஷன் முன்னேறிய பாதையில் குறுக்கே கிடந்தது பசந்தர் ஆறு. ராவியின் துணையாறு. டிசம்பரில் பெரிய வெள்ளம் இருக்காது. ஆனால் அதன் கரைகளில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன.

ஆற்றைக் கடக்கும் போரில் ஒரு பொல்லாத இடைவெளி உண்டு. காலாட்படை வீரர்கள் கண்ணிவெடிகளுக்கு ஊடே எப்படியாவது நடந்து போய் அக்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துவிடலாம். டாங்கிகள் அப்படிப் போக முடியாது. பொறியாளர்கள் வெடிகளை அகற்றி வழி போட்டுக் கொடுக்கும்வரை இக்கரையிலேயே காத்திருக்க வேண்டும். அக்கரையில் இருப்பவர்களிடம் துப்பாக்கிகளும் டாங்கி எதிர்ப்பு ஆயுதங்கள் சிலவும்தான் இருக்கும். அந்த இடைவெளியில் எதிரியின் டாங்கிகள் வந்துவிட்டால் பிடித்த நிலம் போய்விடும், பிடித்தவர்களும் போய்விடுவார்கள்.

டிசம்பர் 15 இரவு அதுதான் நடக்க இருந்தது. அக்கரையில் 3 கிரனேடியர்ஸ் என்னும் காலாட்படைப் பிரிவு ஜர்பாலையும், 16 மெட்ராஸ் படைப்பிரிவு சராஜ் சக் பகுதியையும் பிடித்திருந்தன. இந்தச் சண்டையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 16 மெட்ராஸை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று தமிழிலேயே போர் முழக்கம் இடும் ரெஜிமெண்ட் அது. அதன் தலைமை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் இந்தச் சண்டையில்தான் உயிரிழந்தார். பரம் வீர் சக்ராவுக்கு அடுத்த நிலை விருதான மகா வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. கண்ணிவெடிகளை அகற்றியவர்களும் நமக்கு அந்நியர்கள் அல்லர். 9ஆம் பொறியாளர் ரெஜிமெண்ட், 'தம்பிகள்' என்று இராணுவம் முழுக்க அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தது. குண்டுமழைக்கு நடுவே வழியமைக்கும் வேலையை நடத்திய மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் உயிரிழந்து மகா வீர் சக்ரா பெற்றவர்.

பாதி வழிதான் சுத்தமாகியிருந்தது. அக்கரையில் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிவதாகக் காலாட்படையிடம் இருந்து தகவல் வந்தது. 17 பூனா ஹார்ஸ் என்னும் கவசப்படை ரெஜிமெண்டின் தலைமை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங். இனிக் காத்திருந்தால் காலாட்படை அழியும் என்று கணக்குப் போட்டவர், மீதியுள்ள கண்ணிவெடிப் பரப்பின் மீதே டாங்கிகளை ஓட்டச் சொன்னார். செஞ்சுரியன் டாங்கிகள் இருட்டில் ஒன்றன் பின் ஒன்றாக அக்கரை போய்ச் சேர்ந்தன. ஹனுத் சிங்கின் இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து அவருடைய ரெஜிமெண்டின் மிக இளைய அதிகாரிகளில் ஒருவர் எடுத்த முடிவு இதே குணம் கொண்டதுதான்.

மறுநாள், டிசம்பர் 16. காலை எட்டு மணியளவில் ஜர்பால் பக்கம் பாகிஸ்தானின் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. வந்தது 13 லான்சர்ஸ். பெயர்பெற்ற ரெஜிமெண்ட், கையில் அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் டாங்கிகள். எதிரே நின்றது பூனா ஹார்ஸின் ஒரு பிரிவான 'பி' ஸ்க்வாட்ரன். எண்ணிக்கையில் தாங்காது என்று தெரிந்ததும் அதன் தலைவர் வானொலியில் உதவி கேட்டார். அருண் 'ஏ' ஸ்க்வாட்ரனைச் சேர்ந்தவர். அவருடைய சிறு டாங்கிக் குழு பக்கத்தில் இருந்தது. வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் தாமாகவே நகர்ந்தார். விருதுக் குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. யாரும் பெயர் சொல்லி அவரை அழைக்கவில்லை.

போகும் வழியும் எளிதாக இருக்கவில்லை. முந்தைய இரவு பிடித்த நிலத்துக்குள்ளேயே சரணடையாத பாகிஸ்தான் பதுங்குகுழிகளும் டாங்கி எதிர்ப்பு பீரங்கி நிலைகளும் மிச்சம் இருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போக நேரம் இல்லை. நேராக அவற்றின் மீதே டாங்கிகளை ஏற்றினார். உள்ளே இருந்தவர்களைக் கைத்துப்பாக்கி முனையில் சிறைபிடித்தார். இதில் அவருடைய குழுவின் இன்னொரு டாங்கித் தலைவர் இறந்தார். அருண் நிற்கவில்லை. 'பி' ஸ்க்வாட்ரன் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரி டாங்கிகள் முதல் தாக்குதல் கைகூடாமல் பின்வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் துரத்தி ஒன்றை அழித்தார்.

பிறகுதான் பெரிய தாக்குதல் வந்தது. அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் மூன்று டாங்கிகளே இருந்தன: கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினன்ட் அவதார் அலாவத், இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால். நடந்த சண்டையில் பத்து எதிரி டாங்கிகள் அழிந்தன என்றும், அவற்றில் நான்கை அழித்தது அருண் என்றும் விருதுக் குறிப்பு சொல்கிறது. ஆனால் சண்டை போகப் போக அலாவத்தின் டாங்கி அடிபட்டது. மல்ஹோத்ராவின் டாங்கியில் பீரங்கி செயலிழந்தது. அருணின் டாங்கியும் அடிபட்டுத் தீப்பற்றியது. அவருக்குப் பலத்த காயம். அப்போதுதான் டாங்கியை விட்டு வெளியேறு என்ற கட்டளை வந்தது.

அதற்கு அவர் சொன்ன பதிலை இந்திய இராணுவத்தில் தெரியாதவர் இல்லை: "இல்லை சார், என் டாங்கியை விட்டு நான் வெளியேற மாட்டேன். என் முதன்மைப் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது." அதைத் தொடர்ந்து எதிரியைத் திட்டும் ஒரு சொல்லோடு, அவர்களை ஒரு கை பார்ப்பேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்தத் திட்டும் வாக்கியத்தைத்தான். இருபத்தொரு வயது இளைஞனின் சூடு அதில் இருக்கிறது, ரசிக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய வாக்கியம். அது ஒரு நிலவர அறிக்கை. அந்த முகப்பில் இருந்த மூன்று பீரங்கிகளில் சுடக்கூடியதாக மிஞ்சியிருந்தது அவருடையது ஒன்றுதான். அதுவும் ஓய்ந்தால் எதிரிக்கும் ஜர்பாலில் இருந்த காலாட்படைக்கும் நடுவே எதுவும் இல்லை. கட்டளையிட்டவருக்கு டாங்கி எரிவது தெரிந்தது. பீரங்கி இயங்குகிறதா என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். அதைத்தான் அருண் சொன்னார்.

கட்டளையிட்டவர் தவறு செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தீப்பற்றிய டாங்கிக்குள் இருப்பது குண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பது. டாங்கி போனால் இன்னொன்று வரும், பயிற்சி பெற்ற ஆட்கள் வரமாட்டார்கள் என்பது எந்தக் கவசப்படையிலும் பாலபாடம். ஒரு நல்ல அதிகாரி அப்படித்தான் சொல்வார். களத்தில் நிற்பவர், மேலே இருப்பவருக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரியும்போது தம் பொறுப்பில் முடிவெடுக்கலாம் என்பதையும் அதே இராணுவம் ஏற்கிறது. ஆனால் அந்த முடிவின் விலையை அவரேதான் கொடுக்க வேண்டும். விருதுக் குறிப்பு எழுதியவர்கள் வெளியேறச் சொன்ன கட்டளையை மறைக்கவில்லை. கட்டளை வந்தது, தம் பகுதியில் எதிரி தொடர்ந்து முன்னேறுவதை அவர் கண்டார், விட்டால் உடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள் என்று உணர்ந்து தொடர்ந்து போரிட்டார் என்று வரிசையாகவே எழுதியிருக்கிறார்கள். விருது கீழ்ப்படியாமைக்கு அல்ல. அந்த வரிசையின் நடுவில் இருக்கும் மதிப்பீட்டுக்கும் அதன்படி நின்றதற்கும்.

அதன் பிறகும் ஒரு டாங்கியை அவர் அழித்தார். அப்போது இரண்டாவது அடி விழுந்தது. அதில் அவர் இறந்தார். கடைசியாக அவர் சுட்ட டாங்கி அவரிடம் இருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் தொலைவில்தான் நின்றது. எதிர்த்தாக்குதல் உடைத்துக்கொண்டு வர விரும்பிய கோட்டைத் தாண்டவில்லை.

அந்த டாங்கிக்குள் அருண் மட்டும் இருக்கவில்லை. ஒரு செஞ்சுரியனில் நான்கு பேர்: தலைவர், சுடுபவர், குண்டு ஏற்றி வானொலியையும் பார்த்துக்கொள்பவர், ஓட்டுநர். சுட்டவர் நாத்து சிங், ஓட்டியவர் பிரயாக் சிங், வானொலியில் இருந்தவர் நந்த் சிங். நந்த் சிங் அன்று இறந்தார். மற்ற இருவரும் பிழைத்தார்கள். இளம் அதிகாரியின் முடிவு அவர்களுக்கும் சேர்த்து எடுக்கப்பட்ட முடிவு. நான்கு டாங்கிகளை அருண் அழித்தார் என்று எழுதும்போது, குறிபார்த்து விசையை இழுத்தவர் நாத்து சிங் என்பதை ஒரு வரியிலாவது எழுதுவது நியாயம்.

இனி ஆளைப் பற்றி. அருண் 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தார். தந்தை மதன் லால் கேத்ரபால் பொறியாளர் படையில் அதிகாரி, பிரிகேடியராக ஓய்வுபெற்றவர். தாத்தா முதல் உலகப் போரில் போரிட்டவர். கொள்ளுத்தாத்தா சீக்கியரின் கால்சா படையில் இருந்து 1849இல் சில்லியன்வாலாவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டதாகக் குடும்ப வரலாறு. சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்து, 1967இல் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர்ந்தார். அங்கிருந்து டேராடூனில் இந்திய இராணுவ அகாதெமி. 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். அந்த ரெஜிமெண்ட் 1965 போரில் லெப்டினன்ட் கர்னல் ஏ. பி. தாராபூரை இழந்திருந்தது, அவரும் பரம் வீர் சக்ரா பெற்றவர். புதிதாகச் சேரும் எந்த அதிகாரிக்கும் முதலில் சொல்லப்படும் கதை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

போர் மூளும் சூழலில் அருண் அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். பயிற்சியைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் அவரவர் படைக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் தில்லியில் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்கு அணியும் நீலச் சீருடையையும் எடுத்து வைத்தாராம். எதற்கு என்று கேட்டதற்கு, லாகூரில் கோல்ஃப் ஆடப் போகிறேன், வென்ற பிறகு விருந்து இருக்கும் அல்லவா என்று பதில். தாய் மகேஷ்வரி, உன் தாத்தாவும் அப்பாவும் வீரர்கள், சிங்கம் போலப் போரிடு, கோழையாகத் திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பினார். புறநானூறு படித்த நமக்கு இந்த வரி பழகிய ஒன்று. அதனாலேயே அதை எளிதாகக் கடந்துவிடுகிறோம். அந்தத் தாய் அதை மேடையில் சொல்லவில்லை. இராணுவக் குடும்பங்களில் பயத்தைச் சொல்லக் கூடாது என்பதால் அதற்குப் பதிலாகச் சொல்லும் சொற்கள் இவை என்பது என் எண்ணம்.

அவர் இறந்த அதே நாள் மாலைதான் டாக்காவில் பாகிஸ்தான் கிழக்குப் படை சரணடைந்தது. நாடு முழுக்கக் கொண்டாட்டம். மேற்கு முனையில் டிசம்பர் 17 இரவு போர் நின்றது. அன்றே ஜம்மு பகுதியில் உள்ள சம்பாவுக்கு அருகில் அருணின் உடல் எரியூட்டப்பட்டது. வீட்டுக்கு எதுவும் தெரியாது. போர் முடிந்துவிட்டது, மகன் வரப்போகிறான் என்று காத்திருந்தார்கள். அவருடைய ஜாவா மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். தந்தி வந்தது டிசம்பர் 26 அன்று. போர் நடந்த நாட்களில் செய்தி தாமதமாவது புரிகிறது. போர் நின்று ஒன்பது நாள் ஒரு குடும்பத்தைத் தெரியாமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இறப்புக்குப் பின் அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2001இல், தந்தை பிரிகேடியர் கேத்ரபாலுக்கு வயது 81. அவர் பிறந்த ஊர் சர்கோதா, இன்றைய பாகிஸ்தானில் இருக்கிறது. ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினார். லாகூரில் அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பாகிஸ்தான் இராணுவத்தின் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். நாசரும் அவர் வீட்டாரும் காட்டிய அன்பு சற்றே அதிகப்படியாகவே இருந்தது என்று முதியவர் உணர்ந்திருக்கிறார். புறப்படுவதற்கு முந்தைய இரவு நாசர் விஷயத்தைச் சொன்னார்: 1971இல் 13 லான்சர்ஸில் மேஜராக இருந்து அந்தத் தாக்குதலை நடத்தியவர் அவர்தான், அருணின் டாங்கியும் அவருடைய டாங்கியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றை ஒன்று சுட்டன, உங்கள் மகன் என் கையால் இறந்தார். அருண் எவ்வளவு இளையவர் என்பது தமக்கு அப்போது தெரியாது என்றும் சொன்னார். பின்னர் தந்தைக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில், 13 லான்சர்ஸின் எதிர்த்தாக்குதலில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே கடக்க முடியாத பாறையாக நின்றவர் உங்கள் மகன் என்று எழுதினார். எங்கள் பக்கத்தில் அதைப் 'பாரா பிண்ட்' போர் என்கிறோம், பூனா ஹார்ஸ் 'பசந்தர்' என்கிறது என்பதையும் மறக்காமல் சேர்த்திருந்தார்.

இந்தச் சந்திப்பை இரு நாட்டு நல்லுறவின் சின்னம் போலச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் அதை அப்படிப் பார்ப்பதில்லை. நாசர் ஒரு தொழில்முறைச் சாட்சி. அருண் அன்று நின்ற இடம் எவ்வளவு முக்கியமானது என்பதை இந்திய விருதுக் குறிப்பு சொன்னால் அதில் பெருமிதம் கலந்திருக்கலாம் என்று ஐயப்படலாம். அந்த இடத்தை உடைக்க வந்தவரே, அங்குதான் தடுக்கப்பட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பாகிஸ்தான் தரப்பு இராணுவ ஆய்வாளர்கள் இந்தத் தாக்குதலைக் கடுமையாகவே விமர்சித்திருக்கிறார்கள்: முழு பிரிகேடும் ஒன்றாக மோதாமல், சரியாக வேவு பார்க்காமல், ஸ்க்வாட்ரன் ஸ்க்வாட்ரனாக அனுப்பி இழந்தார்கள் என்று. அது உண்மைதான். அருணின் முடிவை அது சிறிதாக்காது. தவணை தவணையாக வந்த தாக்குதலில் ஏதேனும் ஒரு தவணைக்கு இடைவெளி கிடைத்திருந்தால் போதும், ஆற்றோரத்துக் காலாட்படையின் கதை மாறியிருக்கும்.

இந்தச் சண்டைக்கு இரண்டு பரம் வீர் சக்ராக்கள் கிடைத்தன. இன்னொருவர் ஜர்பாலில் 3 கிரனேடியர்ஸின் கம்பெனியை நடத்திய மேஜர் ஹோஷியார் சிங். காயத்தோடு அகழி அகழியாகப் போய் வீரர்களை நிறுத்திவைத்தவர். 1971 போரில் பரம் வீர் சக்ரா பெற்ற நால்வரில் உயிரோடு அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அருண் டாங்கியில் இருந்து இறங்காதது யாருக்காக என்று கேட்டால், ஹோஷியார் சிங்கின் ஆட்கள் போன்றவர்களுக்காகத்தான்.

கடைசியாக, இந்தக் கதையோடு சுற்றும் இரண்டு பிழைகளைத் திருத்திவிடுகிறேன். பத்து டாங்கிகளையும் அருண் ஒருவரே அழித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். பத்து என்பது மூன்று டாங்கிகளும் சேர்ந்த கணக்கு. மல்ஹோத்ராவுக்கும் அலாவத்துக்கும் உரியதை எடுத்து அருணுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பரம் வீர் சக்ரா பெற்றவர்களிலேயே மிக இளையவர் அவர் என்பதும் இப்போது பொருந்தாது. 1971இல் அது சரி. 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லில் போரிட்ட கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. அருணின் டாங்கியின் பெயர் ஃபாமகுஸ்டா, எண் ஜேஎக்ஸ் 202. பழுது பார்க்கப்பட்டு அகமதுநகரில் (இன்றைய அகில்யாநகர்) கவசப்படைப் பயிற்சி மையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கடக்வாஸ்லா அகாதெமியின் அணிவகுப்பு மைதானத்துக்கும் டேராடூன் அகாதெமியின் அரங்கத்துக்கும் அவர் பெயர்தான்.